நாற்பது குடும்பங்களின் ஒற்றைக் கோடு

பழனியாண்டிக்கு இன்னும் வீட்டுச் சாவி கிடைக்காததற்குக் காரணம், அவருடைய நீலக் கோடு பாதியில் நின்றுபோனதுதான் என்று கந்தோரில் சொன்னார்கள். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே கோடுகளெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"கையில இல்ல அங்கிள். சுவர்ல," என்றாள் பஸீஹா.

அவள் அந்தக் கந்தோரின் தரவு உத்தியோகத்தர். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கந்தோரின் முழுப்பெயர் மண்சரிவு இடர்க் குடும்பங்கள் மீளமர்த்தல் ஒருங்கிணைப்புச் செயலகம். தெஹியோவிட்ட கடைத்தெருவில் ஒரு மேல்மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால், கடைசி இரண்டு சொற்களும் பக்கத்து ஹாட்வெயார் கடையின் தலைக்கு மேல் நின்றன. ஆணி வாங்க வருகிறவர்கள் சிலர் அந்தச் சொற்களைப் பார்த்துவிட்டு, மனு எழுத வேண்டுமோ என்று பயந்து திரும்பிப் போனதுண்டு.

பழனியாண்டி வெள்ளக்கல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மேல் பிரிவில் ஒட்டுச்சுவர் அறை வரிசைகளாக மூன்று லயங்கள். எல்லாம் சேர்த்து நாற்பது குடும்பம். நான்கு வருடத்துக்கு முன் பெய்த மழையில் லயங்களுக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. ஆட்கள் வந்து அளந்து, 'இங்கே வசிப்பது ஆபத்து' என்று சிவப்புப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பிறகு யாரோ புண்ணியவான்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் சமதரையில் நாற்பது வீடு கட்டிக் கொடுத்தார்கள். இளம்பச்சைச் சுவர், மூன்று அறை, தனிக் குசினி. கட்டி முடித்து இரண்டு வருடமாகிறது. ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்காமல், நாற்பதும் பூட்டிக் கிடந்தன. லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் நின்றால் பூட்டுகள் வெயிலில் மின்னுவது தெரியும்.

பழனியாண்டி தினமும் விடிந்ததும் பின்பக்கம் போய், வெடிப்பில் தன் காலை வைத்துப் பார்ப்பார். ஜனவரியில் கால்விரல்கள் மட்டும் உள்ளே போயின. மார்ச்சில் பாதம் முழுவதும் போயிற்று. அன்றைக்குத்தான் பஸ் ஏறி இந்தக் கந்தோருக்கு வந்தார்.

சுவரில் பதினெட்டு அடிக்கு ஒரு பெனர் தொங்கியது. நடுவில் தடிப்பாக ஒரு கறுப்புக் கோடு. அதிலிருந்து பச்சையும் நீலமும் செம்மஞ்சளுமாகப் பல கோடுகள் பிரிந்து போயிருந்தன. சில திரும்பி வந்து சேர்ந்தன. பல வரவில்லை. கோடுகளின் மேல் எறும்பு மொய்த்ததுபோலப் புள்ளிகள்.

"கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுற ஆக்கள் இப்பிடித்தான் செய்வாங்க," என்று பஸீஹா விளக்கினாள். "ஆரு, எப்ப, எதை மாத்தினாங்க எண்டு ஒவ்வொண்டும் பதிஞ்சிரும். நாங்க உங்கட பெயர்ப்பட்டியலை அப்பிடி வச்சிரிக்கிறோம். பட்டியல்ல ஒரு மாற்றம் செஞ்சா ஒரு புள்ளி. மாற்றத்தைத் தனியா வச்சுச் செஞ்சா ஒரு கிளை பிரியும். பணிப்பாளர் சரி எண்டு சொன்னா, கிளை திரும்ப வந்து தாய்க்கோட்டில சேரும்."

"நான் எங்கம்மா இருக்கேன்?"

அவள் ஒரு நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அது கறுப்புக் கோட்டிலிருந்து பிரிந்து, ஒரு சாண் ஓடி, ஒரு புள்ளியில் முடிந்தது.

"உங்கட மகள் ஓப்பநாயக்கவுக்குக் கலியாணம் முடிச்சுப் போன நேரம், வீட்டில மூணு பேர் எண்டதை ரெண்டு எண்டு மாத்தச் சொல்லியிரிக்கீங்க. கிளை திறந்திரிக்கி. சேர்க்கல்ல. இப்ப தாய்க்கோடு மூணு எண்டு சொல்லுது, நீங்க ரெண்டு எண்டு சொல்றீங்க. இதைப்போல நாற்பது குடும்பத்துக்கும் இரிக்கி. எல்லாம் ஒரே கோடா வந்தாத்தான் சாவி."

பழனியாண்டி படத்தை வெகுநேரம் பார்த்தார். படிப்பு ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் அந்தப் படம் அவருக்குப் புரியாமல் இல்லை. ரப்பர் மரத்துப் பட்டையும் இப்படித்தான். ஒவ்வொரு நாள் வெட்டும் நேற்றைய வெட்டுக்குக் கீழே ஒரு கோடாக விழும். யார் வெட்டினது, எந்த நாள் கத்தி ஆழமாகப் போய் மரத்தைக் காயப்படுத்தினது, எல்லாம் பட்டையில் இருக்கும்.

"ஏம்மா, எந்த வெட்டா இருந்தாலும் கடைசில பால் வந்து சிரட்டையில விழணும். இதுல சிரட்டை எங்க?"

பஸீஹாவும் படத்தைப் பார்த்தாள். "அது வரையல்ல அங்கிள்," என்றாள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்து பணிப்பாளர் கிருஷ்ணராஜ் வந்தார். வெளிநாட்டில் மூன்று வாரப் பயிற்சி முடித்தவர். அந்த மூன்று வாரத்தில்தான் பழனியாண்டியின் கிளை சேர்க்க ஆளில்லாமல் நின்றது. ஒரு பயனாளி படத்தின் முன் நிற்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்கள், நன்றாகப் பாருங்கள். முன்பு உங்கள் பட்டியல் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு கடதாசி. யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் வாசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடக்கூடிய நிலை. அந்த ஆபத்திலிருந்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறோம்."

"சாவி எப்பங்க ஐயா குடுப்பீங்க?"

"நீங்கள் கேட்பது வீடு. நாங்கள் தருவது வரலாறு. வீடு இடிந்துபோகலாம். வரலாறு இடியாது."

பழனியாண்டி பஸ்ஸில் திரும்பும்போது இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

மனைவி மல்லிகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள்.

"ஒங்க கோடு ஏன் நின்னுச்சுன்னு கேட்டீங்களா?"

"அதான் சொன்னேனே. சேர்க்கலையாம்."

"நீங்க போய் நிக்கல. அதான். பெரட்டுக்குப் போகாத ஆளுக்குப் பேர் விழுமா?"

தோட்டத்தில் அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் நின்றால் கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போடுவார். பேர் விழுந்தால் ஆள் இருந்தது என்று அர்த்தம். நேரஞ்சென்று வந்தால் அரைப் பேர். வராவிட்டால், அன்றைக்கு அந்த ஆள் உலகத்தில் எங்கே இருந்தார் என்று யாருக்கும் கவலையில்லை. ரெண்டு வருடமாக முகம் காட்டாமல் இருந்துவிட்டு, கோடு மட்டும் தானாக ஓட வேண்டும் என்றால் எப்படி?

"தெனமும் போங்க. தெனமும் ஒரு புள்ளி விழட்டும். கோடு தன்னால போய்ச் சேரும்," என்றாள் மல்லிகா.

மறுநாள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கு பழனியாண்டி கந்தோரில் நின்றார். போன் நம்பரை மாற்ற வேண்டும் என்று மனு கொடுத்தார். புள்ளி விழுந்தது. அடுத்த நாள் பழைய நம்பரையே திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு புள்ளி. மூன்றாம் நாள் வீட்டில் ஆடு இருப்பதாகச் சொன்னார். நான்காம் நாள் அந்த ஆடு மூக்கையாவுடையது என்று சொன்னார். அதனால் மூக்கையாவின் கோட்டிலும் ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மூக்கையா அதைக் கேள்விப்பட்டுத் துடித்துப்போனார்.

"என்னா மாப்புள, நீ மட்டும் நாலு புள்ளி வாங்கிட்டியாமே. எனக்கு ஆட்டுப் புள்ளி ஒண்ணுதானாமே."

"நான் போய் நிக்கிறேன் மாமா. நீங்களும் வந்து நில்லுங்க."

இரண்டாவது வாரத்தில் நாற்பது குடும்பமும் நின்றது. இரண்டு மணிக்கு மேல் தெஹியோவிட்ட கடைத்தெருவில், ஹாட்வெயார் கடையைத் தாண்டி வரிசை போயிற்று. பஸ்ஸைத் தவறவிட்டு வந்த ஒருவர், தனக்கு அரைப் புள்ளியாவது போட வேண்டும் என்று மன்றாடினார். வெள்ளையம்மா என்ற கைம்பெண்ணுக்குச் சொல்வதற்கு எந்த மாற்றமும் இல்லை. அவள் அதையே எழுதிக் கொடுத்தாள். 'மாற்றமில்லை எனும் மாற்றம்' என்று அதற்கும் ஒரு புள்ளி விழுந்தது. அதற்குப் பிறகு வெள்ளையம்மாவின் மனுவைப் பார்த்து எழுதினவர்கள் பன்னிரண்டு பேர்.

பெனர் பதினெட்டடியிலிருந்து அறுபதடியானது. முதலில் மணிக்கூட்டை மறைத்தது. பிறகு ஜன்னலை மறைத்தது. மூன்றாம் சுவரிலிருந்து நான்காம் சுவருக்குப் போகும் வழியில் கழிப்பறைக் கதவையும் மறைத்ததால், உத்தியோகத்தர்கள் பக்கத்துக் கடைக்குப் போய் வந்தார்கள். பணிப்பாளர் கிருஷ்ணராஜ் பூரித்துப்போய், கொழும்பிலிருந்து விருந்தினர்களை வரவழைத்தார். குத்துவிளக்கேற்றிப் படத்துக்கு மாலை போட்டார்கள். மாலை எந்தக் கோட்டில் படுவது என்பதில் சிறு தகராறு வந்து, தாய்க்கோடு என்று முடிவானது.

"நாற்பது குடும்பங்களுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான புள்ளிகள்," என்று அவர் பேசினார். பழனியாண்டியும் மற்றவர்களும் பின்வரிசையில் இருந்தார்கள். "இந்த நாட்டில் வேறு எந்த ஏழைக் குடும்பத்துக்கு இத்தனை புள்ளிகள் கிடைத்திருக்கின்றன? சிலர் குறை சொல்கிறார்கள், வீடுகளை ஆறு மாதத்தில் கட்டிவிட்டார்கள், உங்களால் பட்டியலை மூன்று வருடமாக முடிக்க முடியவில்லை என்று. ஆறு மாதத்தில் முடிகிற வேலையில் என்ன ஆழம் இருக்க முடியும்? வீடு கட்டியவர்கள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று அவர்கள் எங்கே? நாங்கள் இங்கேயே இருக்கிறோம். என்றும் இருப்போம்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். பழனியாண்டியும் தட்டினார். வெடிப்பில் அன்று காலை கணுக்கால் வரை போயிருந்தது. அந்த நினைப்பில் கொஞ்சம் அதிக நேரம் தட்டிவிட்டார்.

விழா முடிந்து படியிறங்கும்போது பஸீஹா பின்னால் வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அங்கிள், நான் சொன்னதெண்டு வெளிய சொல்லாதீங்க. நீங்க எல்லாரும் ஏன் தினமும் வாறீங்க?"

"பேர் விழணும்ல."

"ஒவ்வொரு முறையும் புதுக் கிளை பிரியுது. பிரிஞ்சா முன்னையதைச் சேர்க்க ஏலாது. முப்பது நாள் பட்டியல்ல ஆரும் கை வைக்காம இரிக்கணும். அப்ப எல்லாக் கிளையையும் ஒரேயடியாச் சேர்த்து முடிக்கலாம். சட்டத்தில அப்பிடித்தான் இரிக்கி."

பழனியாண்டி படிக்கட்டில் நின்றார். போய் நிற்காமல் இருப்பதால் ஒரு காரியம் நடக்கும் என்று அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. கையில் அடுத்த நாளைக்கு எழுதிவைத்திருந்த மனு இருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நாங்க வர்றதாலதான் சாவி வராமப் போச்சா," என்று கேட்டார்.

பஸீஹா திரும்பி மேலே ஏறிப் போனாள்.

லயத்தில் அதை நம்பவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. "ஒரு மாசம் பேர் போடாம இருந்தா, தோட்டத்துல வெரட்டி விட்டுருவான்," என்றார் மூக்கையா. கடைசியில் மல்லிகாதான் சத்தம் போட்டு எல்லோரையும் அடக்கினாள். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னாலிருந்து நாள் எண்ணத் தொடங்கினார்கள்.

அந்த முப்பது நாளும் வெள்ளக்கல் மேல் பிரிவில் எதுவும் மாறவில்லை. மாறியவற்றை மறைத்தார்கள். விஜயகலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கந்தோர் ஜீப் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டால் குழந்தையைப் பின்பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு கலியாணத்தைத் தள்ளிவைத்தார்கள். மூக்கையா, கைதவறி அழைத்துவிடக்கூடாது என்று போனிலிருந்து பஸீஹாவின் நம்பரை அழித்தார். அழித்த பிறகு, அழித்ததும் ஒரு மாற்றமாகக் கணக்காகுமோ என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தார்.

மாறியது வெடிப்பு மட்டும்தான். அது மனு கொடுக்கவில்லை.

பழனியாண்டியால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடப்பார். பிறகு வெடிப்புக்குப் போவார். பிறகு ஓடை வரை இறங்கி, பூட்டிய வீடுகளைப் பார்ப்பார். ஒன்றும் செய்யாமலிருப்பது இத்தனை களைப்பான வேலை என்பது அவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு முந்நூறு மரம் வெட்டுவது இதைவிடச் சுலபம்.

முப்பதாம் நாள் காலையில், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூக்கையாவையும் வெள்ளையம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். பஸீஹா மேசையில் குனிந்து இருந்தாள். நிமிரவில்லை.

"என்னம்மா? முடிஞ்சுச்சா?"

அவள் பெனரின் வலது கோடியைக் காட்டினாள். கறுப்புக் கோடு இருபத்தொன்பது நாளும் வெறுமையாக, அழகாக ஓடியிருந்தது. அதன் நுனியில் தங்க நிறத்தில் ஒரு புள்ளி. புள்ளியின் கீழே குறிப்பு: 'இருபத்தொன்பது நாட்களாக எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் இங்கு பதிவு செய்கிறேன். பணிப்பாளர்.'

நேற்றுப் பின்னேரம் நாலு மணி.

நான்கு பேரும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"திரும்ப ஒண்டிலிருந்து எண்ணணும்," என்றாள் பஸீஹா கடைசியில்.

உள்ளேயிருந்து வந்த பணிப்பாளரிடம் வெட்கமோ வருத்தமோ இல்லை. "பதியாவிட்டால், நீங்கள் அமைதியாக இருந்தீர்கள் என்பதற்கு என்ன சான்று? உங்கள் பொறுமையை நான் வரலாற்றில் ஏற்றியிருக்கிறேன். தங்க நிறம், கவனித்தீர்களா?"

"ஐயா," என்றார் பழனியாண்டி, "இன்னும் முப்பது நாளைக்கு மழ வராம இருக்குமாங்க?"

"மழைக்கு எமது பட்டியலில் கை வைக்கும் அதிகாரம் இல்லை," என்றார் பணிப்பாளர். "அந்த வகையில் உங்களுக்குப் பயமில்லை."

மழை அடுத்த வாரம் பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மரங்கள் நனைந்ததால் பால் வெட்டு இல்லை. வேலையும் இல்லை, பேரும் இல்லை. நான்காம் நாள் காலையில் போனுக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. பழனியாண்டி வெடிப்பில் காலை வைத்தார். முழங்கால் வரை இறங்கியது. அடியில் தண்ணீர் ஓடும் குளிர்ச்சி பட்டது.

காலை இழுத்துக்கொண்டு வந்து இஸ்தோப்பில் நடந்தார். உள்ளே போனார். வெளியே வந்தார். மல்லிகா துணிமூட்டையைக் கட்டிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடந்துகிட்டே இருக்கீங்களே, அந்த நடையை அந்தப் பக்கமா நடந்தா என்ன?"

அவள் கை ஓடைக்கு அப்பால் நீண்டது.

"சாவி இல்லையே."

"அலவாங்கு இருக்குல்ல."

"பேர் சேரலையே மல்லிகா."

"பேர் இங்கேயே கெடக்கட்டும். நம்ம போவோம்."

முதல் பூட்டு ஒரே நெம்பில் கழன்றது. இரண்டு வருடம் யாரும் தொடாத பூட்டு. துரு அதற்கு முன்பே தன் வேலையைச் செய்திருந்தது. பழனியாண்டி பயந்து சுற்றிலும் பார்த்தார். மழையைத் தவிர யாரும் இல்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது பூட்டும் கழன்றன. விஜயகலா குழந்தையைப் பகிரங்கமாகவே தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளையம்மா வாசலில் நின்று காலை மூன்று தரம் கழுவிவிட்டு, யாரோ உள்ளே இருப்பதுபோல, "வரட்டுங்களா," என்று கேட்டுவிட்டு நுழைந்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு மலை இறங்கியது. பெரிய லொறி ஒன்று கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். அது நிற்காமல் நீண்டது. புது வீடுகளின் வாசலில் நாற்பது குடும்பமும் நின்று பார்த்தது. தகரங்கள் மடிந்தன. சிவப்புப் பலகை கொஞ்சதூரம் நேராக நின்றபடியே வழுக்கி வந்து, பிறகு சாய்ந்தது. மூன்று லயமும் இருந்த இடத்தில் மண் மட்டும் இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் கந்தோர் ஜீப் வந்தது. பணிப்பாளர் கிருஷ்ணராஜ் வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பட்டி குத்தியிருந்தார். சாரதி குடை பிடித்தான். சேற்றின் ஓரத்தில் ஒரு சிறு மேசை போட்டு விளக்கேற்றினார்கள். என்னவென்று பார்க்க வந்த பழனியாண்டியும் மூக்கையாவும், விளக்கைக் கண்டதும் மரியாதைக்குத் தலைத்துண்டை எடுத்துவிட்டுப் பின்னால் நின்றார்கள். இரண்டு நிமிட மௌனம் முடிந்து, பணிப்பாளர் கடதாசியைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

"அமரர் பழனியாண்டி. அமரர் மல்லிகா. அமரர் மூக்கையா..."

மூக்கையா பழனியாண்டியின் கையைப் பிடித்தார். "மாப்புள, என்னா இது?"

பஸீஹா பக்கத்தில் வந்து நின்றாள். அழுதிருந்தாள். "லயம் இல்லாமப் போனா, அதில பதிஞ்ச ஆக்கள்ட கோடும் முடிஞ்சிரும் அங்கிள். அப்பிடித்தான் செஞ்சு வச்சிரிக்காங்க. நான் சொன்னேன், எல்லாரும் இரிக்காங்க எண்டு. இருக்கிற ஆளைச் சேர்க்கப் புதுக் கிளை திறக்கணுமாம். திறக்க ஏலாதாம்."

"ஏன்?"

"இப்பதான் எல்லாம் ஒரே கோடா வந்திரிக்கி."

பணிப்பாளர் வாசித்து முடித்தார். குரல் தழுதழுத்தது. "துயரமான நாள். ஆனால் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். நாற்பது குடும்பங்களின் அத்தனை கிளைகளும் நேற்று பதினொரு மணிக்கு ஒரே புள்ளியில் சேர்ந்தன. ஒரு முரண்பாடு இல்லை. ஒரு மனு மீதமில்லை. மூன்று வருட உழைப்பில் இப்படி ஒரு சுத்தமான முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. மறைந்தவர்கள் ஒத்துழைத்தார்கள்."

பழனியாண்டி முன்னால் போனார். சேற்றில் கால் புதைந்ததால் மெதுவாகத்தான் போக முடிந்தது.

"ஐயா."

"சொல்லுங்கள். நீங்கள்?"

"பழனியாண்டிங்க. மேல் லயம், ஆறாம் காம்பரா."

பணிப்பாளர் மண்மேட்டைப் பார்த்தார். பிறகு கடதாசியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அவருடைய கண்ணில் அடையாளம் கண்டுகொண்டது போல ஏதோ வந்தது. வந்தவுடன் அதை அணைத்துவிட்டார்.

"மேல் லயம் இல்லையே," என்றார்.

"இல்லைங்க. நாங்க அங்கன இருக்கோம்." ஓடைக்கு அப்பால் காட்டினார். நாற்பது வீட்டிலும் புகை வந்துகொண்டிருந்தது. கொடிகளில் துணி. விஜயகலாவின் குழந்தை அழுவது இங்கே வரை கேட்டது.

"அந்த வீடுகளுக்கு உரித்தாளர்கள் எவரும் இப்போது இல்லை," என்று பணிப்பாளர் மெதுவாக, சொல்லுக்குச் சொல் எடைபோட்டுச் சொன்னார். "உரித்தாளர் இல்லாத வீட்டில் யார் இருந்தாலும் எமது படத்தில் வராது. படத்தில் வராததைப் பற்றி நடவடிக்கை எடுக்க எமக்கு வழியில்லை."

"அப்ப இருக்கலாமாங்க?"

பணிப்பாளர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, சப்பாத்துச் சேற்றைக் கடதாசியின் பின்பக்கத்தால் துடைத்தார். பஸீஹா கடைசியாக ஏறினாள். ஏறுவதற்கு முன் திரும்பிப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

பழனியாண்டி ஓடையைக் கடந்து வீட்டுக்கு வந்தார். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மல்லிகா குசினியில் இருந்தாள். தனிக் குசினியில் அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யாமல், மூன்றாவது முறையாகக் கல்லை மாற்றிவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"நம்ம செத்துட்டமாம்."

அவள் கல்லை நிமிர்த்தி வைத்து, அசைகிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

"வீடு?"

"எடுக்கமாட்டாங்க போலருக்கு."

"அப்ப கதவச் சாத்துங்க," என்றாள் மல்லிகா. "சாரல் அடிக்குது."